பெருநாள் வாழ்த்து அட்டையும் நம் பிள்ளைகளின் கைகளும்

பெருநாளுக்கு வாழ்த்து அட்டை செய்ய மதரஸா பிள்ளைகளுக்கு நாம் கற்றுக் கொடுப்பது குறித்துச் சில பெற்றோர் கேள்வி எழுப்பியுள்ளனர். "ஹஜ்ரத், இது கிறிஸ்துமஸ் கார்டு போல இருக்கிறதே? ஓத வந்த பிள்ளையின் கையில் ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் எதற்கு?" என்பதே அதன் சாரம். மார்க்க விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கும் பெற்றோரைக் குறை கூற இயலாது. ஆகவே சற்று விரிவாகவே பதில் கூற விரும்புகிறோம்.

கிறிஸ்துமஸுக்கு அச்சிட்ட வாழ்த்து அட்டை 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவரால் வெளியிடப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பொருள் எங்கே தோன்றியது என்பதை மட்டும் வைத்து நாம் தீர்ப்புக் கூறுவதில்லை. வணக்க வழிபாடு வேறு, உலக வழக்கம் வேறு. வணக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்க எவருக்கும் உரிமையில்லை. வழக்கங்களிலோ, தடை வராதவரை அனுமதியே அடிப்படை. நபித்தோழர்கள் பெருநாளன்று ஒருவரையொருவர் சந்திக்கும்போது, நம் நற்செயல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று துஆச் செய்துகொண்டதாக அறிவிப்பு உள்ளது. எனவே வாழ்த்து நம்முடையது. காகிதம் அதைச் சுமக்கும் பாத்திரம் மட்டுமே. பாங்கைச் சுமக்கும் ஒலிபெருக்கியை யார் கண்டுபிடித்தார் என்று நாம் விசாரிப்பதில்லையே!

இவ்வழக்கம் நம் துணைக்கண்டத்து முஸ்லிம்களுக்குப் புதிதும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லாகூர், டில்லி, பம்பாய் நகரங்களில் ஈத் அட்டைகள் விற்பனையாயின. இவற்றைத் திரட்டி ஆய்வு செய்தவர்களுள் யூசுஃப் சயீத் குறிப்பிடத்தக்கவர். ஐரோப்பாவிலிருந்து வந்த படம் போட்ட அட்டைகளின் மீதே உருதுவில் ஈத் வாழ்த்தைப் பதித்து விற்றதும் உண்டு. ரயிலும் தபாலும் பெருகிய அக்காலத்தில், தூரத்து ஊரில் பிழைக்கப் போனவர்களுக்கு அந்த அட்டைகளே பெருநாளைக் கொண்டு சேர்த்தன. (ஐரோப்பியக் காட்சியின் மேல் ஈத் முபாரக் என்று இருப்பது நமக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். இன்று நம் கைப்பேசியில் வரும் படங்களில் பாதியும் அப்படித்தான் இருக்கின்றன.)

தமிழகத்தில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் கடை வாசலில் கயிற்றில் தொங்கிய காலம் நம்மில் நாற்பதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்துத் தோழர்கள் நமக்கு அனுப்பினார்கள், நாமும் அவர்களுக்கு அனுப்பினோம். இப்போது பெருநாள் தொழுகை முடிந்து வருவதற்குள் நூறு வாழ்த்துப் படங்கள் கைப்பேசியில் வந்து நிற்கின்றன. அவற்றில் நம் பெயர் இல்லை. பெரும்பாலும் அனுப்பியவரின் எண்ணத்திலும் நாம் இல்லை. ஒரே அழுத்தலில் ஐம்பது பேருக்குப் போனவற்றுள் ஒன்று நமக்கும் வந்தது, அவ்வளவுதான். ஒருவர் வாழ்த்தினால் அதைவிட அழகாக, அல்லது குறைந்தது அதைப் போலவே திருப்பிக் கூறுமாறு சூரத்துந் நிஸாவின் 86ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பெயரில்லாமல் வந்த வாழ்த்தை யாரை நினைத்து அழகாகத் திருப்பிக் கூறுவது?

இதனால்தான் பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கும் முதல் நிபந்தனை, ஓர் அட்டை ஒரு மனிதருக்கு என்பது. யாருக்கு என்று முடிவு செய்யாமல் எவரும் காகிதத்தை மடிக்கக் கூடாது.

முத்திரைக்கு வருவோம். பெருமானார் (ஸல்) அவர்கள் பிற நாட்டு அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று கூறப்பட்டது. உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்யச் சொன்னார்கள். அதில் முஹம்மது, ரஸூல், அல்லாஹ் என்று மூன்று வரிகளில் மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டன. அதே வாசகத்தை வேறெவரும் பொறித்துக்கொள்ளக் கூடாது என்றும் தடுத்தார்கள். அம்மோதிரம் பின்னர் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் கைகளில் இருந்து, இறுதியில் அரீஸ் என்னும் கிணற்றில் விழுந்து காணாமற்போனது. பிற நாட்டவரின் கடித மரபை நம் தலைவர் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மேலே கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

பிள்ளைகள் அழிப்பானில் முத்திரை செதுக்கும்போது இந்த வரலாற்றைச் சொல்கிறோம். பிறை, விளக்கு, எட்டுமுனை நட்சத்திரம் ஆகியவை எளிது. எழுத்தில்தான் தடுமாற்றம். பதியும்போது நேராக விழ வேண்டுமென்றால் முத்திரையில் எழுத்து இடவலம் மாறி இருக்க வேண்டும். மெல்லிய தாளில் பென்சிலால் எழுதி, அதைக் கவிழ்த்து அழிப்பானின் மேல் வைத்துத் தேய்த்தால் தலைகீழ் அச்சு தானாகவே கிடைத்துவிடும். ஐன் எழுத்தின் வளைவை மாதக்கணக்கில் கரும்பலகையில் எழுதிக் காட்டியும் பிடிபடாத ஒரு மாணவனுக்கு, ஈத் என்ற சொல்லைத் திருப்பிச் செதுக்கிய அன்றே அது பிடிபட்டது. சிறு பிள்ளைகளின் கையில் கத்தி கொடுப்பதில்லை. அவர்களுக்கு வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிக் கொடுத்தால் போதும், பூப்போன்ற அச்சு கிடைக்கும்.

வண்ணத்திற்கு ஏர்பிரஷ் என்னும் சிறு கருவி இருக்கிறது. பேனா போன்ற ஒரு குழல். அதனோடு இணைந்த சிறு கம்பிரஸரின் காற்று, வண்ணத்தைப் பனிபோல் தெளிக்கும். மதரஸாவில் ஒன்று போதும், முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். அது இல்லாத வீட்டில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வண்ணத்தில் தோய்த்துச் சீப்பின் பற்களில் உரசினாலும் தெளிப்பு விழும். காகிதத்தில் பொன்துளி தெளிக்கும் கலை நம் முன்னோரிடமும் இருந்தது. ஜர் அஃப்ஷான் என்று பாரசீகத்தில் அழைக்கப்பட்ட அக்காகிதங்களில் முகலாயர் காலத்து எழுத்தோவியங்களைக் காணலாம்.

மறைப்புத் தகடு வெட்டப் பழைய எக்ஸ்ரே பிலிமைவிடச் சிறந்தது வேறில்லை. அது நனையாது, சுருங்காது, துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வைக்கலாம். தகட்டைக் காகிதத்தோடு ஒட்டினாற்போல் அழுத்திப் பிடித்து, ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்லிய படலமாகத் தெளிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே முறையில் ஊற்றினால் வண்ணம் தகட்டுக்கு அடியில் கசிந்துவிடும். சதுரங்கப்பட்டினத்தின் கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒவ்வொரு படலமும் உலரக் கூடுதல் நேரம் விட வேண்டியிருக்கிறது. மெல்லிய தாள் சுருண்டுகொள்கிறது, கெட்டி அட்டையே ஏற்றது. நீரில் கரையும் வண்ணம், திறந்த ஜன்னல், வாயையும் மூக்கையும் மூடிய முகக்கவசம் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் இக்கருவியின் அருகில் விடாதீர்கள்.

உருவங்களைப் பொறுத்தவரை நம் வழி தெளிவானது. ஓவியம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, வரைந்தே ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் அறிவுறுத்தினார்கள். நம் பிள்ளைகளுக்குப் பொருளுக்கா பஞ்சம்? டச்சுக் கோட்டையின் செங்கல் மதில், சவுக்குத் தோப்பு, கரையில் ஏற்றிய படகு, தென்னையின் பின்னே பிறை. அந்தக் கோட்டையிலிருந்து டச்சுக்காரர்கள் கப்பலேற்றியதும் இவ்வட்டாரத்து நெசவாளர்களின் மெல்லிய துணியைத்தான். கைத்தொழிலுக்குப் பெயர் பெற்ற கரை இது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம். அல்லாஹ்வின் திருநாமத்தையோ குர்ஆன் வசனத்தையோ அட்டையில் பதிப்பதில்லை. ரோம மன்னருக்குப் பெருமானார் (ஸல்) அனுப்பிய கடிதத்தில் பிஸ்மில்லாஹ் இருந்ததே என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. அது அழைப்புக் கடிதம். நம் அட்டையோ பெருநாள் கழிந்த பத்தாம் நாள் பழைய காகிதத்தோடு சேர்ந்து, சந்தையில் மீன் பொதியப் போகக்கூடியது. ஆகவே அட்டையில் 'ஈத் முபாரக்', உள்ளே பெயர் சொல்லி இரண்டு வரி. துஆவை நேரில் நாவால் கூறுவோம்.

அந்த இரண்டு வரிதான் பிள்ளைகளுக்குக் கடினம். படுக்கையில் கிடக்கும் பெரியத்தாவுக்கு என்ன எழுதுவது? பக்கத்துத் தெருவில் மீன்பிடிக்கும் குடும்பத்துக்கு? கல்பாக்கம் நகரியத்தில் இருக்கும் வகுப்புத் தோழனுக்கு? தம்மாமில் இருக்கும் வாப்பாவுக்கு எழுத உட்கார்ந்த ஒரு பெண்பிள்ளை அரைமணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டு மாடியில் கொடி கட்டியாச்சு, உங்க சட்டைதான் காயலை" என்று எழுதினாள். அதை நாம் திருத்தவில்லை.

அட்டை கோணலாக வந்தால் அனுப்பத் தயங்குகிறார்கள். ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அண்டை வீட்டாரின் அன்பளிப்பை அற்பமாகக் கருத வேண்டாம் என்று பெண்களுக்குப் பெருமானார் (ஸல்) கூறியதை நினைவூட்டுகிறோம். யுனிசெப் நிறுவனம் 1949இல் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையும் செக்கோஸ்லோவாகியாவில் போரால் சிதைந்த கிராமத்துச் சிறுமி ஒருத்தி, உதவிக்கு நன்றியாக வரைந்த படம்தான். அவளுக்கு அப்போது ஏழு வயது. காகிதம் கிடைக்காமல் கண்ணாடியில் வரைந்தாள்.

இதை விற்கலாமா என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். தாராளமாக. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கைகளால் உழைத்துத் தர்மம் செய்தவர்கள். ஆனால் பிள்ளைகளின் வகுப்பில் விற்பனை வேண்டாம்.

காலத்தையும் சொல்லிவிடுகிறோம். வளைகுடாவுக்குத் தபால் போய்ச் சேர வாரங்கள் ஆகும் என்பதால் ரஜபிலேயே தொடங்கி ஷஅபான் நடுவில் முடித்துவிடுகிறோம். ரமலானில், அதிலும் கடைசிப் பத்தில், ஒரு பிள்ளையும் அட்டையோடு உட்காரக் கூடாது. லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய இரவில் பிறைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பதை நாம் ஏற்கவில்லை.

வகுப்பு சனிக்கிழமை அஸருக்குப் பின். அட்டையும் வண்ணமும் மதரஸா தரும். உங்கள் வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம் இருந்தால், நோயாளியின் பெயர் உள்ள மூலையை வெட்டிவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.