பளபளப்பான வண்ணத்திற்குக் கீழே: பழைய கார் வாங்குவோரின் பொறுப்பும் விற்போரின் பொறுப்பும்



கலிஃபோர்னியாவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், 1972ஆம் ஆண்டு டட்சன் 240இசட் கார் ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜினை மாற்றி, மிக அழகாக வைத்திருக்கிறார்கள். மூன்றாண்டுச் சேமிப்பு கையில் இருக்கிறது. வாங்கலாமா?" என்று கேட்டார். மதரஸாவில் சேருமுன் என் மாமாவின் பட்டறையில் சில காலம் நான் வேலை பார்த்ததை அவர் அறிவார். இன்ஜினைக் குறித்தே நான் கேட்பேன் என எதிர்பார்த்தவரிடம், "பேட்டரிக்குக் கீழே உள்ள தகட்டைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

காரணம் உண்டு. 1969ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இந்த ஜப்பானிய இருகதவுக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை. அதன் உடலே சட்டகம். இன்ஜின் கெட்டால் வேறு இன்ஜின் கிடைக்கும். உடல் அரித்துப்போனால் காரே போயிற்று. பேட்டரியின் அமிலம் சொட்டும் தகடு, காலடித் தரை, அதன் அடியில் ஓடும் நீள்தாங்கிகள், கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி, பின்கதவின் விளிம்பு ஆகியவை இக்காரில் துரு குடிகொள்ளும் இடங்கள். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அவ்விடங்களில் வைத்துப் பார்க்கவேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில், வண்ணத்திற்குக் கீழே இருப்பது இரும்பன்று, தடித்த பட்டி.

அடுத்தது மாற்றங்கள். இதன் அசல் இன்ஜின் 2,393 சிசி கொள்ளளவுடைய ஆறு சிலிண்டர் எல்24. அதற்குப் பதிலாக 280இசட் காரின் எல்28 இன்ஜினைப் பொருத்துவதும், இரண்டு கார்புரேட்டர்களை எடுத்துவிட்டு மூன்று வெபர் கார்புரேட்டர்களை வைப்பதும் வழக்கமானவை. மாற்றியிருப்பது குறையன்று என்பதே என் கருத்து. யார் மாற்றினார், எப்போது மாற்றினார், அசல் பாகங்கள் எங்கே என்பதற்கு விடை இல்லாதிருப்பதே குறை. வலிமையைக் கூட்டியவர் பிரேக்கையும் கவனித்தாரா? அகலமான சக்கரங்களுக்காகப் பின்புற வளைவை வெட்டியவர், வெட்டிய இடத்தை மீண்டும் வெல்டிங் செய்து அடைத்தாரா? வயர்களை முறையாக இணைத்தாரா, டேப் சுற்றி விட்டுவிட்டாரா? இன்ஜின் அறையில் உள்ள தகட்டில் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். சேஸிஸ் எண் உரிமைப் பத்திரத்தோடு ஒத்திருக்கவேண்டும். இன்ஜின் எண் மாறியிருந்தால் விற்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கவேண்டும். விலையை நிர்ணயிக்கும் செய்திகள் இவை.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பார்க்கவேண்டும். நாம் வருமுன் அதை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புவது நல்லது. 1975க்கும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் உரிய கார்களுக்கு அம்மாநிலத்தில் புகைச் சோதனை இல்லை. ஆகவே இன்ஜினில் செய்த மாற்றங்களை அச்சோதனையின் வழியே அரசு பார்ப்பதில்லை. வாங்குபவரின் கண்ணும், கட்டணம் கொடுத்து அழைத்துச் செல்லும் மெக்கானிக்கின் கண்ணுமே சோதனை.

இனி விற்பவரின் பக்கம். விளம்பரத்தில் "உள்ளது உள்ளபடி" என்று எழுதியிருந்தது. அவ்வாறு எழுதிவிட்டால் எல்லாப் பொறுப்பும் நீங்கிவிடும் என்று நம்மவர்களிலும் பலர் எண்ணுகின்றனர். எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்னும் நிபந்தனையை ஹனஃபி மத்ஹப் ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபோ அதை மிகக் குறுகிய எல்லைக்குள்தான் அனுமதிக்கிறது. ஆனால், தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரண்டிற்கும் கருத்து வேறுபாடு இல்லை. பட்டி பூசியவருக்கு அதன் கீழே துரு இருப்பது தெரியும். நிபந்தனை எழுதிய தாள் வழக்கில் அவரைக் காக்கலாம், மறுமையில் காக்காது.

இதைச் சொல்வதால் வாங்குபவரின் கடமை குறைந்துவிடாது. கேட்கவேண்டியதைக் கேட்காமல் ஆசையால் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு "ஏமாற்றிவிட்டார்" என்று ஊரெல்லாம் சொல்வதும் நேர்மையன்று. உழைத்துச் சேர்த்த பொருளை ஆராயாமல் கொடுப்பது அமானிதத்தைப் பேணாமையே.

என் மாணவர் ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று காரை உயரத் தூக்கிப் பார்க்க அனுமதி கேட்டார். விற்பவர் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். காலடித் தரையில், துருப்பிடித்த தகட்டை அகற்றாமல் அதன்மேலேயே புதிய தகட்டை அறைந்திருந்தார்கள். மாணவர் சலாம் சொல்லாத குறையாகத் திரும்பிவிட்டார். "மனம் அந்தக் காரிலேயே இருக்கிறது, ஹஜ்ரத்" என்றார். இருக்கட்டும். மனம் அங்கே இருந்தாலும் பணம் இங்கே இருக்கிறது. அடுத்த காரைப் பார்க்கப் போகும்போது அந்தக் காந்தம் அவர் சட்டைப் பையில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.