தரிஃபா கடற்கரையில் கேட்ட ஒரு கேள்வி

ஜேர்மனியில் வசிக்கும் எனது மருமகன் 2024 செப்டெம்பரில் குடும்பத்துடன் ஸ்பெயினின் தென்கோடிக்கு விடுமுறையில் செல்லவிருப்பதாகவும் நானும் வந்து இணைந்துகொள்ளவேண்டும் என்றும் வற்புறுத்தி அழைத்தபோது முதலில் தயங்கினேன். எழுபது வயதில், சக்கரங்கள் பூட்டிய ஒரு சிறிய வீட்டுக்குள் பத்து நாட்கள் உறங்கி எழும்புவது எனக்குச் சரிப்பட்டுவருமா என்பது ஒரு தயக்கம். வீசா கிடைக்குமா என்பது அதைவிடப் பெரிய தயக்கம். இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருக்கும் ஒருவர் ஷெங்கன் வீசாவுக்கு விண்ணப்பிப்பதென்றால் வங்கிக் கணக்கறிக்கை, பயணக் காப்புறுதி, அழைப்புக் கடிதம், திரும்பி வந்துவிடுவேன் என்று நம்பவைப்பதற்கான சான்றுகள் என ஒரு கோப்பையே தயாரிக்கவேண்டியிருக்கும். தயாரித்தேன். வீசாவும் கிடைத்தது.

அவர்கள் ஜேர்மனியில் இருந்து 'வொன்மொபில்' என்று அங்கு அழைக்கப்படும் வாகனத்தில் புறப்பட்டு, பிரான்ஸைக் கடந்து வந்தார்கள். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. நான் மலாகா விமான நிலையத்தில் இறங்கி அவர்களுடன் சேர்ந்துகொண்டேன். மலாகாவில் இருந்து தரிஃபா ஏறத்தாழ 160 கிலோமீற்றர். அல்ஜெசிராஸ் துறைமுகத்தைத் தாண்டியதும் வீதி மலையில் ஏறுகிறது. உச்சியில் பயணிகள் இறங்கிப் பார்ப்பதற்கென ஓரிடம் இருக்கிறது. அங்கு நின்று பார்த்தபோது கடலுக்கு அப்பால் நீலநிறத்தில் உயர்ந்து நின்ற மலைகளைக் காட்டி, "அது மொறோக்கோ, மாமா" என்றார் மருமகன். ஜிப்ரால்டர் நீரிணையின் மிக ஒடுங்கிய பகுதியின் அகலம் வெறுமனே 14 கிலோமீற்றர்தான். ஆபிரிக்கக் கண்டத்தை இவ்வளவு அருகில், ஐரோப்பிய மண்ணில் நின்றுகொண்டு பார்ப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்முனையில் இருக்கும் தரிஃபாவின் வாழ்வு காற்றினால் தீர்மானிக்கப்படுவது. கிழக்கில் இருந்து வீசும் காற்றை 'லெவாந்தே' என்றும் மேற்கில் இருந்து வீசுவதை 'பொனியந்தே' என்றும் அழைக்கிறார்கள். மத்தியதரைக் கடலில் இருந்து வரும் லெவாந்தே, வடக்கே ஸ்பெயினின் மலைகளுக்கும் தெற்கே மொறோக்கோவின் றிஃப் மலைகளுக்கும் இடையில் நெருக்குண்டு வேகம் கொள்கிறது. நாட்கணக்கில் ஓயாமல் வீசும் அந்தக் காற்று மனிதரைப் பைத்தியமாக்கிவிடும் என்று உள்ளூரில் ஒரு பேச்சு உண்டு. காற்றில் வாகனம் முழுவதும் ஆடிக்கொண்டிருந்த முதலிரு இரவுகளிலும் உறக்கமின்றிக் கிடந்த எனக்கு அதில் உண்மை இருக்கக்கூடும் என்றே தோன்றியது. வல்தெவகேரோஸ் கடற்கரைக்கு அருகில் மணற்குன்று வீதியையே மூடிவிடுகிறது. இயந்திரங்களைக் கொண்டு மணலை அள்ளி அகற்றவேண்டியிருக்கிறது.

இந்தக் காற்றே பின்னர் செல்வமாக மாறியது. 1980களில் இருந்து விண்ட்சேர்ஃபிங் விளையாட்டுக்காக ஐரோப்பா எங்கும் இருந்து இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். பலகையொன்றில் எப்பக்கமும் திரும்பக்கூடிய பாயைப் பொருத்தி, அதை இரு கைகளாலும் பற்றியபடி அலைகளின் மீது விரைகின்ற இந்த விளையாட்டு 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. இன்று தரிஃபாவின் கடைத்தெருவில் பாதி, பலகையும் பாயும் விற்பவர்களுடையதோ என்று எண்ணத் தோன்றும்.

மருமகனின் மகள் அந்த விளையாட்டில் தேர்ச்சி பெற்றவள். தட்டுத்தடுமாறும் தமிழில் அவள் எனக்கு விளக்கம் சொன்னாள். "பொனியந்தே எங்களைக் கரைக்குத் தள்ளும், தாத்தா. பழகிறவைக்கு அது நல்லது. லெவாந்தே வெளியில தள்ளும். பாய் உடைஞ்சால் அத்திலாந்திக்குக்குப் போயிடலாம்." அப்படியானால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மீட்புப் படகு வரும் என்று சிரித்தாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. நீரிணையில் ஆண்டுதோறும் செல்லும் ஏறத்தாழ ஒரு இலட்சம் கப்பல்களைக் கண்காணிக்கின்ற கடல் மீட்புச் சேவையின் நிலையம் ஒன்று தரிஃபாவிலேயே இருக்கிறது. அதன் செம்மஞ்சள் நிறப் படகுகள் தத்தளிப்பவரின் கடவுச்சீட்டைக் கேட்டுவிட்டுக் கயிற்றை வீசுவதில்லை.

காற்று மிகையாக இருந்த ஒரு நாள், அங்கிருந்து இருபது கிலோமீற்றர் அளவில் உள்ள பொலோனியாவுக்குச் சென்றோம். பைலோ கிளாவுதியா என்ற உரோமர் காலத்து நகரின் எச்சங்கள் கடலைப் பார்த்தபடி கிடக்கின்றன. சூரை மீனை உப்பிட்டுப் பதனிடும் தொட்டிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. மீனால் மாத்திரமல்ல, எதிர்க்கரையில் உள்ள தாஞ்சியருடனான போக்குவரத்தினாலும் செழித்த நகரம் அது. அக்காலத்தில் அந்தக் கடல் எல்லையாக அல்ல, பாதையாகவே இருந்திருக்கிறது. பறவைகளுக்கு இன்றும் அது பாதைதான். கடலின் மேல் வெப்பக்காற்று எழுவதில்லை என்பதால், சிறகை விரித்து மிதந்து செல்லும் நாரைகளும் பருந்துகளும் கழுகுகளும் மிகக் குறுகிய இந்த இடத்தைத் தெரிவு செய்து ஆபிரிக்காவுக்குச் செல்கின்றன. லெவாந்தே வீசும்போது அவை கரையிலேயே காத்திருக்கின்றன.

காத்திருக்க முடியாத மனிதர்களின் கதை வேறு. 1988 நவம்பர் முதலாம் திகதி, கத்தோலிக்கர்கள் இறந்தோரை நினைவுகூர்ந்து மயானங்களுக்குச் செல்லும் நாளில், தரிஃபாவின் லொஸ் லான்செஸ் கடற்கரையில் ஒரு சடலம் ஒதுங்கியது. மொறோக்கோவில் இருந்து புறப்பட்ட சிறிய படகொன்று கவிழ்ந்ததில் இறந்தவர்களில் ஒருவர் அவர். உள்ளூர்ப் பத்திரிகையாளரான இல்டெஃபொன்சோ சேனா அன்று எடுத்த புகைப்படம் இந்த நீரிணை மரணங்களை உலகுக்குக் காட்டிய முதற் படங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. மொறோக்கோ பிரஜைகளுக்கு 1991 இல் ஸ்பெயின் வீசாவைக் கட்டாயமாக்கிய பிறகு படகுகள் பெருகின. 2018 ஆம் ஆண்டில் மாத்திரம் கடல்வழியாக ஸ்பெயினை அடைந்தோர் 57,000க்கும் அதிகம். பின்னர் அந்தப் பாதை இன்னும் நீண்ட, இன்னும் ஆபத்தான அத்திலாந்திக் வழிக்குத் திரும்பியது. 2024 இல் கனேரித் தீவுகளை 46,000க்கும் மேற்பட்டோர் சென்றடைந்தனர். தரிஃபாவின் மயானத்தில் பெயர் தெரியாதவர்களின் புதைகுழிகள் இருக்கின்றன. எனது வேண்டுகோளின் பேரில் அங்கும் சென்றோம்.

அன்றிரவு உணவின்போது பேச்சு இயல்பாகவே அந்தப் பக்கம் திரும்பியது. "பாவம்தான், மாமா. ஆனால் முறைப்படி விண்ணப்பிச்சு வரலாம்தானே? இப்படிக் களவாக வந்தால் எந்த நாடுதான் தாங்கும்?" என்றார் மருமகன். நான் பதில் சொல்வதற்கு முன்னர் அவரது மகள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் வீசாவோடயா வந்தனீங்கள்?"

சிறிது நேரம் காற்றின் ஓசை மாத்திரமே கேட்டது.

அவர் எப்படி வந்தார் என்பது எனக்குத் தெரியும். 1985 இல் பத்தொன்பது வயதில் கிழக்கு பேர்ளினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்கு பேர்ளினுக்குள் நுழைந்த ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களில் அவரும் ஒருவர். முழு பேர்ளினும் ஒரே நகரம் என்ற நிலைப்பாட்டில் இருந்த மேற்குத் தரப்பு அந்த எல்லையில் குடிவரவுச் சோதனையை நடத்தவில்லை. அந்த வாசலை 1986 இல் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். அதே 1986 ஓகஸ்டில்தான் 155 தமிழர்கள் இரு உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் மீட்கப்பட்டார்கள். இந்தியாவில் இருந்து வந்ததாக முதலில் கூறியவர்கள், மேற்கு ஜேர்மனியில் இருந்தே கப்பலேறியதைப் பின்னர் ஒப்புக்கொண்டனர். எம்மவரையும் அன்று 'பொருளாதார அகதிகள்' என்றுதான் ஐரோப்பாவில் பலர் ஏசினார்கள். யாழ்ப்பாணத்துப் பத்தொன்பது வயது இளைஞனுக்கு 1985 இல் எந்தத் தூதரகம் 'முறைப்படி' வீசா கொடுத்திருக்கும்? தஞ்சம் கோருபவர் சட்டவிரோதமாக நுழைந்தார் என்பதற்காக மாத்திரம் அவரைத் தண்டிக்கக்கூடாது என்ற ஏற்பாடு, சில நிபந்தனைகளுடன், 1951 அகதிகள் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் பயனை எம்மைப் போல அனுபவித்த சமூகங்கள் மிகச் சிலவே.

மருமகனின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். படகுகளை அனுப்பும் கடத்தல்காரர்கள் மனிதத் துயரத்தில் பணம் பண்ணுகிறார்கள். வருபவர்கள் அனைவரும் உயிருக்கு அஞ்சி ஓடுபவர்களும் அல்லர். ஆனால், எம்மவர்கள் எல்லோரும் அப்படித்தான் சென்றார்கள் என்று நெஞ்சில் கைவைத்துக் கூறமுடியுமா? எமது முகவர்கள் மாத்திரம் தர்மவான்களா? எல்லைகளை ஒழுங்குபடுத்துவது அரசாங்கங்களின் உரிமை என்பதை ஏற்றுக்கொள்ளலாம். வந்தவனை வெறுப்பது எமக்கு உரிய வேலை அல்ல. புலம்பெயர்ந்த எம்மவர்கள் மத்தியில், கடினமாக உழைத்து வரி கட்டுகின்ற நல்ல மனிதர்கள் மத்தியிலும் கூட, அந்த வெறுப்பு மெல்ல மெல்லப் பரவிவருவதைக் காண்கிறேன். தாங்கள் வந்த பிறகு வாசலை மூடிவிடவேண்டும் என்று விரும்புவோருக்கு, உள்ளே இருப்பவர்களையும் ஒருநாள் வெளியே தள்ள விரும்பும் கைகளே கதவைப் பிடித்திருக்கின்றன என்பது விளங்குவதில்லை. 2025 பெப்ரவரி ஜேர்மன் பொதுத்தேர்தலில் குடிவரவை மூர்க்கமாக எதிர்க்கும் கட்சி 20 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளுடன் இரண்டாம் இடத்துக்கு வந்தது. 1985 இல் வந்தவன், 2024 இல் வந்தவன் என்று பிரித்துப் பார்த்து அதற்கு வாக்களித்தவர்கள் எத்தனை பேர்?

மறுநாள் பொனியந்தே வீசியது. பேத்தி பலகையுடன் கடலில் இறங்கினாள். மருமகன் கரையில் நின்று, அவள் திரும்பி வரும்வரை, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டேயிருந்தார். 1985 இல் எனது அக்கா எத்தனை மாதங்கள் அப்படி வாசலில் நின்றார் என்பதை அவருக்குச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

நான் கொழும்பு திரும்பிய சில நாட்களில் அவர் தொலைபேசியில் அழைத்தார். சகல தரை எல்லைகளிலும் ஜேர்மனி அந்த மாதம் சோதனைகளை ஆரம்பித்திருந்தது. வீடு திரும்பும் வழியில் மற்றைய வாகனங்கள் கடந்துசெல்ல, தங்களது வாகனத்தை மாத்திரம் ஓரங்கட்டச் சொல்லி ஆவணங்களைப் பரிசோதித்ததாகக் கூறினார். நாற்பது வருடங்களாக அந்த நாட்டில் வாழ்பவர். "பிரச்சினை ஒண்டும் இல்லை, மாமா. எல்லாம் சரியாத்தான் இருந்தது" என்றார். பிறகு சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அண்டைக்குப் பிள்ளை கேட்டது சரிதான்" என்றார்.