கடற்கொள்ளையன் வேஷத்துக்கு 800 ரூபாயா? முதல்ல உங்க அலமாரியைத் திறங்க



வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வரும். சனிக்கிழமை மாறுவேடப் போட்டி. உங்க பையனுக்கோ பொண்ணுக்கோ விழுந்திருக்கிற வேஷம் கடற்கொள்ளையன். கல்யாணம் ஆகாதவங்களும் தப்பிக்க முடியாது. ஆபீஸில் எச்ஆர் மெயில் வரும்: வெள்ளிக்கிழமை தீம் டே, எல்லாரும் பைரேட் கெட்டப்பில் வரணும். அடுத்த அஞ்சாவது நிமிஷம் போன் கையில் இருக்கும். தொப்பி, கண்பட்டை, பிளாஸ்டிக் வாள் எல்லாம் ஒரே செட்டாக, 800 ரூபாய்னு ஆப்பில் வந்து நிற்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வாங்காதீங்க. வாடகைக்கும் எடுக்காதீங்க. வீட்டில் இருக்கிற துணியை வெச்சே செய்யுங்க. காரணம் அந்த 800 ரூபாய் மட்டும் இல்லை.

இது எஸ்ஐபி கணக்கு இல்லை

இந்த மாதிரி பதிவுகளில் வழக்கமாக என்ன சொல்வாங்க? "இந்த 800 ரூபாயை முதலீடு பண்ணியிருந்தால்..." சரி, போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 12 சதவீதம் கிடைக்கும்னு வெச்சுக்கிட்டாலும் 20 வருஷத்தில் அது சுமார் 7,700 ரூபாய் ஆகும். அதை வெச்சு யாரும் ஃப்ளாட் வாங்கப் போறதில்லை. குழந்தையோட ஒரு நாள் சந்தோஷத்தை எக்ஸெல் ஷீட்டில் போட்டு அதோட உயிரை எடுக்கிறதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

நான் பார்க்கிற பிரச்சினை வேற. கம்பெனி கணக்கை ஆடிட் பண்ணும்போது சில செலவுகளைக் காட்டி, "இது இந்த வருஷம் மட்டும் வந்தது சார், அடுத்த வருஷம் வராது" என்பாங்க. போன வருஷ லெட்ஜரைத் திறந்தால் அங்கேயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கும், பேர் மட்டும் வேற. வருஷா வருஷம் வர்ற செலவுக்கு எப்படிங்க "எதிர்பாராத செலவு"ன்னு பேர் வைக்க முடியும்?

உங்க வீட்டுக் கணக்கும் இப்படித்தான். கிருஷ்ண ஜெயந்திக்குக் கிருஷ்ணர் வேஷம். ஆகஸ்ட் 15-க்குத் தேசத் தலைவர் வேஷம். ஸ்கூலில் கலர் டே, ஆண்டு விழா. ஆபீஸில் பொங்கலுக்கு எத்னிக் டே, டீம் அவுட்டிங்குக்கு ஒரே கலர் டி-ஷர்ட். நண்பன் கல்யாணத்துக்கு டிரெஸ் கோட். அதோட இந்தக் கொள்ளையன். வருஷத்துக்கு எட்டு, ஒவ்வொண்ணும் சராசரியா 700 ரூபாய்னு வெச்சுக்குவோம். மொத்தம் 5,600. மாசத்துக்கு 467 ரூபாய். உங்க பட்ஜெட்டில் கரண்ட் பில்லுக்கு ஒரு வரி இருக்கு, பெட்ரோலுக்கு ஒரு வரி இருக்கு. இந்த 467-க்கு வரி இருக்கா? பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் "இந்த ஒரு தடவைதானே"ன்னு கணக்குக்கு வெளியிலேயே போயிடும். மாசக் கடைசியாக இருந்தால் கிரெடிட் கார்டில் ஏறும். கார்டு பாக்கியை முழுசாக் கட்டாமல் விட்டால் மாசம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. சம்பளம் எங்கே போச்சுன்னு தெரியலைன்னு என்னிடம் சொல்றவங்களிடம், முதல்ல இந்த மாதிரி ஒரு நாள் செலவுகளை எழுதுங்கன்னுதான் சொல்வேன்.

முதல்ல இருப்பு எடுங்க

ஆடிட்டில் இன்னொரு வேலை உண்டு, இருப்பு சரிபார்க்கிறது. கணக்கில் இருக்கிற சரக்கு குடோனில் இருக்கான்னு நேரில் போய் எண்ணுவோம். குடோனில் என்ன இருக்குன்னு தெரியாத கம்பெனி, இருக்கிற பொருளையே மறுபடியும் வாங்கும். நம்ம அலமாரியும் அப்படித்தான். காலர் நைந்த வெள்ளைச் சட்டை, சாயம் போன கறுப்பு டி-ஷர்ட், போன வருஷ யூனிஃபார்ம் பேன்ட், அம்மாவோட பழைய சிவப்புக் காட்டன் புடவை, ஒரு கட்டம் போட்ட துண்டு. இதெல்லாம் உள்ளே இருக்கும். பரணில் நாலு பார்சல் அட்டைப்பெட்டி கிடக்கும். கடற்கொள்ளையனுக்கு இதுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

"வீட்டுத் துணியில் செய்தால் நிஜமான பைரேட் மாதிரி இருக்குமா?"ன்னு கேட்பீங்க. நிஜமான பைரேட்டே வீட்டுத் துணிதாங்க போட்டிருந்தான்! 1700-களின் தொடக்கத்தில் கப்பல்களைக் கொள்ளையடிச்சவங்க பெரும்பாலும் சாதாரண மாலுமிகள். மத்த மாலுமிகள் போட்ட லூசான கால்சட்டை, சட்டை, கழுத்தில் ஒரு துணி, அதேதான் இவங்களுக்கும். இடுப்பில் சிவப்புத் துணி, தலைக்கட்டு, காதில் வளையம்னு நாம் இன்னிக்குப் பார்க்கிற உருவம் பெரும்பாலும் ஹோவர்ட் பைல் என்கிற அமெரிக்க ஓவியர் கதைப் புத்தகங்களுக்கு வரைஞ்ச படங்களிலிருந்து பரவினது. ஹாலிவுட் அதை அப்படியே எடுத்துக்கிச்சு. 800 ரூபாய் செட்டில் வர்றது அந்தப் படத்தோட நகல்.

இன்னொரு விஷயம். 1720-இல் ஜமைக்காவில் தூக்கில் போடப்பட்ட ஜான் ராக்கம் என்கிற கொள்ளையனுக்குப் பட்டப்பேர் "காலிகோ ஜாக்". அவன் போட்ட காலிகோ துணியால் வந்த பேர். காலிகோ என்பது பருத்தித் துணி. கோழிக்கோட்டுக்கு வெள்ளைக்காரங்க வெச்ச பேரான காலிகட்டிலிருந்து அந்தச் சொல் வந்தது. தலையில் கட்டுற பந்தானா கூட, "கட்டு" என்கிற பொருள் தர்ற இந்திச் சொல்லிலிருந்து போனதுதான். ஆக, உங்க வீட்டுப் பருத்தித் துணி கடற்கொள்ளையனுக்கு ஒண்ணும் அந்நியம் இல்லை.

நம்ம ஸ்ரீரங்கத்துக்கும் கொள்ளைக்காரன் கதை புதுசு கிடையாது. வைகுண்ட ஏகாதசி விழாவில், இராப்பத்து எட்டாம் நாள், மணல்வெளியில் திருமங்கை மன்னன் வேடுபறி நடக்கும். நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் வருவார், மணலில் ஓட்டம் நடக்கும், வழிப்பறி நடக்கும். சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், மனசில் நிற்கிறது அந்த ஓட்டம்தான். மாறுவேடப் போட்டியும் அப்படித்தான். துணி பாதி வேலை, மீதி நடிப்பு.

எப்படிச் செய்யறது?

சட்டை: அப்பாவோட பழைய வெள்ளைச் சட்டை. காலரை உள்ளே மடிச்சு விடுங்க. கையை மணிக்கட்டுக்கு மேல் ஏத்தி, முடிக்குப் போடுற ரப்பர் பேண்டால் கட்டினால் பொம்முனு நிற்கும். வெட்ட வேண்டாம். சட்டை திரும்ப அலமாரிக்கே போகும்.

மேல் கோட்டு: கறுப்பு டி-ஷர்ட்டின் கையை எடுத்துட்டு, முன்பக்கம் நடுவில் நேராக வெட்டுங்க.

பேன்ட்: பழைய யூனிஃபார்ம் பேன்ட் சின்னதாப் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே ஏறுக்கு மாறா, பல்லுப் பல்லா வெட்டுங்க. இன்னும் போடுற பேன்ட்டுன்னா மடிச்சு விட்டால் போதும்.

இடுப்புக் கட்டு: சிவப்புப் புடவையையோ துப்பட்டாவையோ நீளவாக்கில் மடிச்சு ரெண்டு சுத்து சுத்தி, இடது பக்கம் முடிச்சுப் போட்டுத் தொங்க விடுங்க. குழந்தை மிதிச்சு விழாத நீளத்தில் இருக்கணும்.

தலைக்கட்டு: துண்டை முக்கோணமா மடிச்சுப் பின்னால் முடிச்சு. தொப்பியும் வேணும்னா கறுப்பு சார்ட் பேப்பரில் ஒரே மாதிரி ரெண்டு துண்டு வெட்டி, ரெண்டு ஓரத்தையும் ஸ்டேப்பிள் பண்ணுங்க. முன்னால் வெள்ளைத் தாளில் மண்டையோடு.

கண்பட்டை: கறுப்புத் துணியில் ஒரு துண்டு, எலாஸ்டிக் கொஞ்சம். மேடைப் படி ஏறும்போது ஒரு கண்ணை மறைச்சால் குழந்தை தடுக்கும். ஏறின பிறகு மாட்டிக்கச் சொல்லுங்க.

வாள்: பார்சல் அட்டையில் ரெண்டு துண்டு வெட்டி ஒட்டுங்க. சப்பாத்தி சுத்துற அலுமினிய ஃபாயிலைச் சுத்தினால் பளபளக்கும். நுனியை மழுங்கலா விடுங்க. தாடி மீசைக்குக் கண்மை போதும்.

புதையல் வரைபடம்: ஒரு தாளை டீ டிகாஷனில் நனைச்சுக் காய வெச்சு, ஓரத்தைக் கையால் கிழிங்க. தீவு வரைய எங்கேயும் போக வேண்டாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கமே தீவுதானே? மேற்கே முக்கொம்பு, தெற்கே மலைக்கோட்டை, நடுவில் பாட்டி வீட்டு மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. நடுவரைச் சிரிக்க வைக்க இது ஒண்ணு போதும்.

வெளியில் வாங்க வேண்டியது சார்ட் பேப்பர், எலாஸ்டிக், பசை. 100 ரூபாய்க்குள் முடியணும். ஒரு எச்சரிக்கை: "வீட்டிலேயே செய்யறோம்"னு சொல்லிட்டு க்ளூ கன், ஃபெல்ட் ஷீட் செட், புது வெள்ளைச் சட்டைன்னு ஆர்டர் போட ஆரம்பிச்சீங்கன்னா, கடை செட்டே மலிவு.

என் நேரத்துக்கு விலை இல்லையா?

நியாயமான கேள்வி. மாசம் 40,000 சம்பளம், 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 200 ரூபாய். வேஷம் செய்ய ரெண்டு மணி நேரம், 400 ரூபாய். பொருள் 100. மொத்தம் 500. அப்பவும் 800-க்குக் குறைவு. சம்பளம் ஒரு லட்சம்னா ரெண்டு மணி நேரம் சுமார் 1,000 ரூபாய். கணக்குப்படி கடையில் வாங்குறதுதான் லாபம்.

ஆனா அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் உங்களுக்கு யாரும் அந்த 1,000 ரூபாயைத் தரப் போறதில்லை. அந்த நேரம் ரீல்ஸுக்குத்தான் போகும். மாத்து வழியில் உண்மையில் என்ன கிடைச்சிருக்கும்னு பார்த்துத்தான் நேரத்துக்கு விலை போடணும். நிஜமாவே அந்த ராத்திரி கிளையண்ட் கால் இருக்கா, உடம்பு முடியலையா, தாராளமா வாடகைக்கு எடுங்க. பரதநாட்டிய உடை, நகை செட் மாதிரி வீட்டில் செய்ய முடியாததுக்கு வாடகைதான் சரி. தையல் வராதுன்னா தெரு முனைத் தையல்காரரிடம் கொடுத்து, அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்க. நான் எதிர்க்கிறது செலவை இல்லை, யோசிக்காமல் போற செலவைத்தான்.

"கஞ்சன்னு நினைப்பாங்களே?"

ஆபீஸில் யாராவது கேட்டால் "என் பாட்டி புடவை சார்"னு சொல்லுங்க. அன்னிக்கு அதிகம் பேசப்படுறது உங்க கெட்டப்தான்.

குழந்தை விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. பக்கத்தில் பளபளன்னு கடை உடுப்பில் இன்னொரு குழந்தை நிற்கும்போது உங்க குழந்தை முகம் வாடலாம். "எனக்கும் அது மாதிரி வேணும்"னு அழலாம். அதை அதட்டி அடக்காதீங்க. 100 ரூபாயைக் கையில் கொடுத்து, "இந்த வேஷத்துக்கு ஒரே ஒரு பொருள் கடையில் வாங்கலாம், எதுன்னு நீயே சொல்லு"ன்னு சின்னக்கடை வீதிக்குக் கூட்டிட்டுப் போங்க. தொப்பியா வாளான்னு அரை மணி நேரம் யோசிக்கும். காசுக்கு எல்லை உண்டு, எல்லைக்குள் தேர்ந்தெடுக்கணும் என்கிறதை அந்த அரை மணி நேரத்தில் கத்துக்கும். பரிசு கிடைக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனா தன் கையால் ஃபாயில் சுத்தின வாளைப் பத்தி மேடையில் கேட்டால், அதுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

போட்டி முடிஞ்ச பிறகு

சட்டை, புடவை, துண்டு துவைச்சு அலமாரிக்கு. வாள், தொப்பி, கண்பட்டை ஒரு அட்டைப்பெட்டிக்கு. மேலே "வேஷம்"னு எழுதிப் பரணில் வைங்க. அடுத்த வருஷம் அதே வாள் கட்டபொம்மனுக்கு ஆகும். நடுவில் பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் கொடுங்க.

கடைசியா ஒரே ஒரு வேலை. கடந்த 12 மாசத்து யுபிஐ, கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, ஒரே நாளுக்காக வாங்கினதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்க. கூட்டி, 12-ஆல் வகுங்க. வர்ற தொகையில் பாதியை "ஒரு நாள் செலவு"ன்னு பட்ஜெட்டில் ஒரு வரியாப் போட்டு, மாசா மாசம் தனியா எடுத்து வைங்க. மீதிப் பாதிக்கு உங்க அலமாரி இருக்கு. இதை அடுத்த மெசேஜ் வர்றதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. வந்த பிறகு கை தானா ஆப்புக்குத்தான் போகும்.

அடுத்த வீடியோவில் பார்ப்போம்.