முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க விரும்புவோர், “ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்?” என்றே முதலில் கேட்கின்றனர். “எங்கே மின்னேற்றுவது?” என்பதல்லவா முதற்கேள்வியாக இருக்க வேண்டும்?

விளம்பரத்தில் காணும் தூரம் பெரும்பாலும் குறைந்த வேகத்தில் அளக்கப்பட்டது. நெடுஞ்சாலை வேகமும் பின்னால் அமர்பவரின் எடையும் அதைக் குறைத்துவிடும். எனினும், நாள்தோறும் 20 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு அது பெரிய சிக்கலன்று. அவர் தரைவீட்டில் வசித்தால் இரவில் வீட்டு மின்சாரத்திலேயே மின்கலத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

கோலாலம்பூரில் அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் வசிப்பவரின் நிலை வேறு. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மின்னிணைப்பு இல்லையென்றால், கழற்றக்கூடிய மின்கலம் கொண்ட வண்டியே அவருக்கு ஏற்றது. ஹோண்டா நிறுவனத்தின் அத்தகைய மின்கலம் ஒன்று ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ளது. மின்தூக்கி பழுதாகும் நாளில் அதைச் சுமந்து படியேற வேண்டும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை!

நாள் முழுவதும் உணவு விநியோகம் செய்பவரால் மின்னேற்றத்திற்காகப் பல மணி நேரம் காத்திருக்க இயலாது. தைவானில் உள்ளதுபோல், தீர்ந்த மின்கலத்தைக் கொடுத்து நிரம்பியதைப் பெறும் நிலையங்கள் அவர் செல்லும் வழியில் இருக்க வேண்டும். இல்லையெனில், இப்போதைக்குப் பெட்ரோல் வண்டியையே அவர் வைத்துக்கொள்வது நல்லது.