ஸகாத் பட்டியலும் டெலிகிராம் ஓட்டமும்



போன றமழானில் நமது ஊர் குரூப்பில் ஸகாத்துக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல் படமாக வந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகள் எத்தனை, கணவர் விட்டுப் போனவரா, எல்லாமே. நிர்வாகக் குரூப்பில் கிடந்ததை ஒருவர் கைதவறித் தட்டிவிட்டாராம். அரை மணித்தியாலத்தில் அழித்தார்கள். அடுத்த நாள் காலை, "உங்கட உம்மா ஸகாத் எடுக்கிறாவாமே" என்ற பேச்சு எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் காதில் விழுந்துவிட்டது. இரண்டு நாள் அவள் பாடசாலைக்கு வரவில்லை.

நாம் இதற்குக் கண்ட தீர்வு என்ன? "வட்ஸ்அப் பாதுகாப்பில்லை, எல்லோரும் டெலிகிராமுக்கு வாங்க" என்று ஒரு லிங்க். 2021 ஜனவரியில் வட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கையை மாற்றப் போகிறது என்றதும் ஓடினோமே, அதே ஓட்டம்!

வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டே போகின்றன. அனுப்புபவரின் போனில் பூட்டினால் பெறுபவரின் போனில்தான் திறக்கும், நடுவில் கம்பனியாலும் வாசிக்க முடியாது. டெலிகிராமின் சாதாரண அரட்டை அப்படியல்ல. அது கம்பனியின் சேர்வரில் கிடக்கும், சாவியும் கம்பனியிடமே. 'இரகசிய அரட்டை'யைத் தனியாகத் தெரிவு செய்தால்தான் முழுப் பூட்டு. அதுவும் இருவருக்கிடையில் மட்டும், குரூப்புக்குக் கிடையாது. பூட்டிய அலுமாரியில் இருந்ததை எடுத்து மேசையில் பரப்பிவிட்டு, பாதுகாத்துவிட்டோம் என்கிறோம்.

வட்ஸ்அப்பிலும் ஓட்டை உண்டு. யாரோடு, எப்போது பேசுகிறோம் என்ற விபரம் மெட்டாவிடம் இருக்கிறது. கூகுள் ட்ரைவுக்குப் போகும் பெக்கப்பை நாமாகப் போய்ப் பூட்டினால்தான் பூட்டு. எனவே அந்தரங்க விடயங்களுக்குச் சிக்னல்தான் என்கிறோம். இலாப நோக்கமற்ற அமைப்பு, விளம்பரமில்லை. 2016இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காக ஆணையோடு கேட்டபோது, அவர்களிடம் கொடுக்க இருந்தது இரண்டே இரண்டு: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள்.

"சிக்னல் வைத்திருந்தால் சந்தேகப்படுவாங்க சேர்" என்கிறார்கள். இந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பின் வீட்டிலிருந்த அரபுக் கிதாபுகளையே எங்கே ஒளிப்பது என்று தவித்தவர்கள் நாம். ஆனால் வட்ஸ்அப்பில் இருப்பதும் சிக்னலின் அதே பூட்டு முறைதான். அதை நாடே வைத்திருக்கிறது.

"மறைக்க நமக்கு என்ன இருக்கு?" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் மகளின் சம்பந்தம் முறிந்த காரணத்தைப் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவீர்களா?

கைதவறித் தட்டுவதைச் சிக்னலும் தடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறோம். நிர்வாகத்தில் ஏழு பேர். நிர்வாகக் குரூப்பில் நாற்பத்தொரு பேர் ஏன்? பதவி விட்டுப் போனவர்கள், அவர்களின் மச்சான்மார், வெளிநாடு போனவர்கள்! பட்டியல் கடதாசியில் இருக்கட்டும். ஏழு பேருக்கு மட்டும் சிக்னல் குரூப், ஒரு கிழமையில் தானாக அழியும்படி.

வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு இதைக் கேட்க நிர்வாகத்திடம் போகிறோம், வரக்கூடியவர்கள் வாருங்கள். செட்டிங் தெரியாத பெரியவர்கள் போனைக் கொண்டு வந்தால் நாங்களே செய்து தருவோம்.

அந்தப் பட்டியலின் படம் இன்னும் உங்கள் கெலரியில் கிடந்தால், இப்போதே அழித்துவிடுங்கள்.