வசனம் தெரியும், கதை தெரியுமா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடியும்போது நம்ம ஊர் சபைகள் பலதுல ஒரு தட்டு சுத்தி வரும். தட்டு நிறைய சின்னச் சின்ன அட்டைகள், கவுத்து வெச்சபடி. ஜெபம் பண்ணிட்டு ஒண்ணை உருவணும். என்ன வசனம் வருதோ அதுதான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுவோம், பைக் முன்னாடி ஸ்டிக்கர் அடிப்போம், இப்பல்லாம் வாட்ஸப் ஸ்டேட்டஸ். நல்ல வசனம் வந்தா சந்தோஷம். சுமாரா வந்தா பக்கத்துல இருக்கறவங்க அட்டையை எட்டிப் பாக்கறது. (பொய் சொல்லாதீங்க, எல்லாரும் பாத்திருக்கோம்.)

கிறிஸ்தவர் இல்லாத நண்பர்கள் இந்த இடத்துல கிளம்பிடாதீங்க. யாரையும் மதம் மாத்தற பதிவு இல்ல இது. ஒரு பெரிய புத்தகத்தை எப்படிப் படிக்கிறதுங்கற சண்டை, அவ்வளவுதான். கீதையோ குறளோ குர்ஆனோ வீட்டுல வெச்சிருக்கறவங்களுக்கும் இந்தச் சண்டை பழக்கமானதாத்தான் இருக்கும்.

என் கட்சி இதுதான். பைபிள் வசனங்களைக் கட்டி வெச்ச மூட்டை இல்லை. ஆதியாகமத்துல ஆரம்பிச்சு வெளிப்படுத்தல்ல முடியற ஒரே கதை. அதைக் கதையா படிக்காம சீஷத்துவம், சீஷத்துவம்னு பேசறதுல அர்த்தமில்லை. துண்டு துண்டா படிக்கிறவர் அதிகபட்சம் ஒரு நல்ல வாடிக்கையாளர் ஆகலாம், சீஷன் ஆகறது கஷ்டம்.

ஆணி புடுங்கற தொழில்ல இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பத்து வருஷத்துப் பழைய கோடை உங்க கையில குடுக்கறாங்க. நீங்க அதைப் படிக்காம, வேணுங்கற வார்த்தையைத் தேடி, கிடைச்ச நாலு வரியைக் காப்பி பண்ணி உங்க ஃபைல்ல ஒட்டறீங்க. ஓடும். ஒரு நாள் படுத்துக்கும். அந்த நாலு வரி எதுக்குள்ள இருந்துச்சு, அதுக்கு மேல என்ன கண்டிஷன் போட்டிருந்தாங்கன்னு அப்பத்தான் போய்ப் பாப்போம்.

கண்டிஷன்னதும் ஞாபகம் வர்றது உபாகமம் 28-ம் அதிகாரம். வாலா இல்லாம தலையா இருப்போம், கடன் வாங்காம கடன் குடுக்கற நிலைக்கு வருவோம்ங்கற அர்த்தத்துல வர்ற வசனங்கள் அங்கதான் இருக்கு. அட்டை, காலண்டர், கடை போர்டுன்னு எல்லா இடத்துலயும் பாக்கலாம். அந்த அதிகாரத்துல மொத்தம் 68 வசனம். ஆசீர்வாதம் முதல் 14. மிச்சம் 54-ம் சாபம்! அதுவும் தனி ஆளுக்குச் சொன்னது இல்லை. எகிப்துல அடிமையா இருந்து வந்த ஒரு ஜனத்துக்கு, புது நாட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி சொன்னது. நீங்க அங்க போய் எப்படி நடந்துக்கறீங்கங்கறதைப் பொறுத்துன்னு சொல்லித்தான் ஆரம்பிக்குது. ராஜாக்கள் புத்தகம் முடியறப்ப அந்த 54 வசனமும் நடந்து முடிஞ்சிருக்கும், ஊரே எரிஞ்சிருக்கும். நாம 14-ஐ மட்டும் கத்தரிச்சு எடுத்துக்கிட்டோம்.

இதனால யாருக்கு என்ன நஷ்டம்னு கேக்கலாம். எங்க அத்தைக்கு நஷ்டம்.

அத்தைக்கு இங்க ஆயக்குடியில கொஞ்சம் கொய்யாத் தோப்பு இருக்கு. (பழனிக்கு பஸ்ல போறவங்க ரோட்டோரம் கூடையில பாத்திருப்பீங்களே, அதே ஆயக்குடி கொய்யாதான்.) ஒரு வருஷம் அவங்களுக்கு அந்தக் 'கடன் குடுப்பாய்' அட்டை வந்துச்சு. அந்த வருஷம்தான் போர் வத்திச்சு. வட்டிக்கு வாங்கி இன்னொரு போர் போட்டாங்க, அதுலயும் புகைதான் வந்துச்சு. ஜெபத்துக்கு வந்த ஒருத்தர், "விசுவாசம் பத்தலம்மா, அறிக்கை பண்ணாத பாவம் எதாச்சும் இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். மரம் காஞ்சதைக்கூட அத்தை தாங்கிக்கிட்டாங்க. இந்த ஒரு வார்த்தை அவங்களை ரெண்டு வருஷம் தூங்க விடலை. "நான் என்ன சாமி தப்புப் பண்ணேன்?"னு என்கிட்ட கேட்டாங்க. நிலத்தடித் தண்ணி இறங்கிப் போனதுக்கு ஒரு விதவை ராத்திரி எல்லாம் முழிச்சு தன் பாவத்தைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. அட்டை செய்யற வேலை இது.

அதே பைபிள்ல ஆபகூக்னு ஒரு சின்னப் புத்தகம் இருக்கு. மூணே அதிகாரம். மரம் காய்க்கலை, வயல் விளையலை, தொழுவத்துல மாடு இல்லை, ஆனாலும் கர்த்தருக்குள்ள சந்தோஷமா இருப்பேன்னு முடியும். நல்லா பாட்டாப் பாடுவோம். வாக்குத்தத்த அட்டையில மட்டும் நான் பாத்ததே இல்லை.

நம்ம ஐடி மக்களோட செல்ல வசனம் எரேமியா 29:11. நமக்காக நல்ல எதிர்காலத்தைத் திட்டம் பண்ணி வெச்சிருக்கார்ங்கற வசனம். விசா இன்டர்வியூவுக்குப் போறவன் பையில கண்டிப்பா இருக்கும். அதுக்கு முந்தின அதிகாரத்தைப் படிங்க. அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி கோவில்ல நின்னு, ரெண்டே வருஷம், பாபிலோன் நுகம் முறிஞ்சிடும், எல்லாரும் ஊர் திரும்பிடுவாங்கன்னு அறிவிக்கறான். சும்மா கற்பனை பண்ணிப் பாருங்க, எவ்வளவு கைதட்டல் விழுந்திருக்கும்! எரேமியா சொன்னது 70 வருஷம். அதாவது லெட்டரைப் படிக்கிற பெருசுங்க யாரும் உயிரோட ஊர் திரும்பப் போறதில்லை. அதனால அங்கயே வீடு கட்டு, தோட்டம் போடு, கல்யாணம் பண்ணு, உன்னை அடிமையாக்கின ஊரோட நன்மைக்காக ஜெபம் பண்ணுன்னு எழுதறார். அதுக்கு அப்புறம்தான் அந்தப் பதினோராம் வசனம் வருது. அனனியா அந்த வருஷமே செத்துப் போறான். துண்டா எடுத்தா அந்த வசனம் அனனியா பேசின மாதிரி ஆயிடுது. கதைக்குள்ள வெச்சாத்தான் அது எரேமியா பேசினது.

பெங்களூர்லயோ நியூஜெர்சிலயோ பத்து வருஷமா 'அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவேன்'னு சொல்லிக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியாம இருக்கறவனுக்கு அந்த முழு லெட்டர்ல எவ்வளவோ வேலை இருக்கு. அட்டைக்குத் தேவைப்பட்டது ஒரு வரிதான்.

இந்த வசன நம்பரே பின்னாடி வந்ததுதாங்க. இன்னிக்கு நாம பாக்கற அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டு, ஸ்டீபன் லாங்டன் பேர்ல சொல்வாங்க. புதிய ஏற்பாட்டுக்கு இப்ப இருக்கற வசன எண்ணைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன்ங்கற அச்சுக்காரர், 1551-ல். பவுல் ரோமருக்கு எழுதினப்ப 8:28-னு நம்பர் போட்டு எழுதலை. தினம் ஒரு வசனம்ங்கறதும் நம்ம கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில ஹெர்ன்ஹூட் சபையார் 1728-ல் தினசரி வாசகமா ஆரம்பிச்சு, 1731-க்கு முதல் புத்தகமாவே அச்சடிச்சாங்க. அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்குத் தொட்டுக்க ஊறுகாய் மாதிரி. ஊறுகாயையே சாப்பாடா ஆக்கினதுதான் பிரச்சனை.

நம்ம கண்டுபிடிப்பு எதுன்னு கேட்டா, கதைதான். வீரமாமுனிவர் 1726-ல் முடித்த தேம்பாவணியை எடுத்துக்குங்க. 36 படலம், 3615 பாடல், காப்பியத் தலைவன் சூசை. குழந்தையைத் தூக்கிக்கிட்டு சூசையும் மரியாளும் எகிப்துக்கு ஓடறாங்க. போற வழியெல்லாம் பழைய ஏற்பாட்டுக் கதைகள் ஒவ்வொண்ணா சொல்லப்படுது. ஒரு காலத்துல இதே ஜனம் எகிப்துல இருந்து தப்பிச்சு வந்த கதை, இப்ப எகிப்துக்கே தப்பிச்சுப் போற குடும்பத்துக்கு நடுவுல வருது. பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் இதைவிட அழகா ஒண்ணாத் தைக்க முடியுமா? தஞ்சாவூர்ல வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலட்சேபமா பாடிச் சொன்னதும் கதையைத்தான். 2014-ல் அமெரிக்காவுல போர்ட்லண்ட்ல தொடங்கின பைபிள் புராஜெக்ட் வீடியோக்களைப் பாத்துட்டு நம்ம பசங்க 'பைபிள் ஒரே கதையாம்டா!'ன்னு ஆச்சரியப்படறாங்க. வீடியோ நல்லாத்தான் இருக்கு, நானும் பாக்கறேன். ஆனா நம்ம வீட்டுப் பரண்ல இருந்ததை அமேசான்ல ஆர்டர் பண்ணி வாங்கின மாதிரி இருக்கு :-)

சரி, ஒரே கதைன்னு சும்மா சொன்னா போதுமா? ஒரு நூலைப் பிடிச்சுக் காட்டறேன்.

எல்லாரும் மாட்டிக்கிட்டு நிக்கற இடம் லேவியராகமம். ஜனவரியில வேகமா ஆரம்பிச்சவங்க பிப்ரவரியில அங்கதான் வண்டியை நிறுத்துவாங்க. அதோட 19-ம் அதிகாரத்துல, அறுக்கும்போது வயல் ஓரத்தை முழுசா அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுடுன்னு ஒரு சட்டம். நமக்கு அது வெறும் சட்டம். நாலஞ்சு புத்தகம் தள்ளி, ரூத்னு ஒரு மோவாப் நாட்டு விதவை, மாமியாரோட பெத்லகேமுக்குப் பஞ்சம் பிழைக்க வர்றா. அவ கஞ்சி குடிக்கறது அந்தச் சட்டத்தாலதான். போவாஸ் வயல்ல கதிர் பொறுக்கறா. இத்தனைக்கும் மோவாபியரைச் சபையில சேர்க்கவே கூடாதுன்னு உபாகமம் 23-ல் இருக்கு! அவளைத்தான் போவாஸ் கட்டிக்கறான். அவங்க மகன் ஓபேத், பேரன் ஈசாய், கொள்ளுப்பேரன் தாவீது ராஜா. மத்தேயு முதல் அதிகாரத்துல இயேசுவோட வம்ச வரலாற்றைத் திறந்தா, ஆம்பளைப் பேரா அடுக்கிக்கிட்டே போற நடுவுல ரூத் பேர் இருக்கும். எவனோ ஒருத்தன் வயல் ஓரத்தை அறுக்காம விட்டதுல இருந்து அங்க வந்து சேருது. நாம 'போர்'னு தாண்டிப் போற அந்தப் பேர்ப் பட்டியல்தான் கதையோட முடிச்சு.

தரங்கம்பாடியில சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல 1714-15-ல் அச்சடிச்சுட்டு, பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்து முடிச்சு 1719-ல் இறந்துட்டார். வயசு 36. மிச்சத்தை பெஞ்சமின் சூல்ட்சே முடிச்சார். மேற்படி நூலைத் தமிழ்ல பிடிக்கறதுக்கு வேணுங்கற லேவியராகமம், ரூத், மத்தேயு மூணும் சீகன்பால்க் முடிச்சதுக்குள்ளயே இருந்துச்சு.

லேவியராகமத்தை நாம 'புரியாது'ன்னு ஒதுக்கறோமே, அத்தைக்கு எங்களைவிட நல்லாவே புரியுது. புதுசா வெச்ச கனிமரத்தோட பழத்தை மூணு வருஷம் தின்னக்கூடாதுன்னு அதே 19-ல் வரும். நான் ஏதோ சடங்குன்னு நினைச்சேன். அத்தை, "கன்னுல வர்ற பூவைக் கிள்ளி விடோணும் சாமி, ஆசைப்பட்டு முதல்லயே காய்க்க விட்டா மரம் தேறாது"ன்னாங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் வாயை மூடிக்கிட்டேன்.

இதுல இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உபாகமம் 26. விவசாயி முதல் விளைச்சலைக் கூடையில எடுத்துக்கிட்டு வரணும். வந்து சும்மா வெச்சுட்டுப் போக முடியாது, கதை சொல்லணும். எங்க முன்னோர் நாடோடி, எகிப்துக்குப் பிழைக்கப் போனோம், அடிமையானோம், கதறினோம், கர்த்தர் கேட்டார், இங்க கொண்டுவந்தார், இதோ கூடை. அஞ்சு வசனத்துல மொத்தக் கதை. அப்புறம் அந்த விளைச்சலை நிலமில்லாத லேவியனோடயும் வெளியூர்க்காரனோடயும் சேர்ந்து அனுபவிக்கணும். நம்ம அறுப்பின் பண்டிகையில கூடை வருது, ஏலம் போகுது, மைக்குல தொகையை வாசிக்கறாங்க. கதையைக் காணோம்.

தலித் இறையியலைத் தொடங்கி வெச்சவங்கள்ல ஒருத்தரான அர்விந்த் பி. நிர்மல் எடுத்துக்கிட்டதும் இதே அதிகாரத்தைத்தான். நாம் யாராக இருந்தோம், என்ன பாடுபட்டோம் என்பதை விட்டுவிட்டு விசுவாச அறிக்கை கிடையாது என்பது அவர் பிடித்த பிடி. இங்கதான் கதை ஆபத்தாகுது. 'நீ தலையாவாய்'ங்கற துண்டு யாரையும் உறுத்தாது, எந்தச் சாதிக்காரரும் மாட்டிக்கலாம். 'நீ அடிமையா இருந்தவன், அதனால பரதேசியை ஒடுக்காதே'ங்கற கதை அப்படி விடாது. செத்தவங்களைக்கூட சாதிவாரியா பிரிச்சுப் புதைக்கற கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டுல உண்டு. அங்க இருக்கறவங்களுக்கு வசனம் தெரியாமலா இருக்கும்? எண்ணோட சொல்லுவாங்க.

கதைக் கட்சிக்காரங்ககிட்டயும் எனக்குத் தகராறு இருக்கு. சிலபேர் கதைங்கற பேர்ல எல்லாத்தையும் குறியீடா ஆக்கிடுவாங்க. ராகாப் ஜன்னல்ல கட்டின சிவப்புக் கயிறு சிலுவை ரத்தம், பேழையோட மரம் சிலுவை மரம்னு போகும். ராகாப்ங்கற பொம்பளை, அவ பயம், அவ குடும்பம் எல்லாம் காணாம போயிடும். யோபு, பிரசங்கி மாதிரி புத்தகங்கள் கதையோட ஓட்டத்துக்கே அடங்காம கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கும். அதையும் இழுத்துப் பிடிச்சு வரிசையில நிறுத்தணுமா? வேணாம். நல்ல கதையில அடங்காத ஆளுங்களும் இருப்பாங்க. இன்னொண்ணு, இதுல பெரும்பகுதி முதல்ல யூதர்களோட கதை. அவங்க இன்னும் அதை வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, அவங்க வரிசையில கடைசிப் புத்தகம் மல்கியா இல்லை, நாளாகமம். வாடகைக்கு வந்த நாம வீட்டுக்காரரை வெளிய தள்ளக் கூடாது.

எங்க ஊர் மரத்தடியில நடந்த இலவச டிஎன்பிஎஸ்சி வகுப்பு தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கினது. அங்க ஒரு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்றதுல நியாயம் இருக்கு, பரீட்சை அப்படி. வேதாகம வினாடிவினாவுக்கு மெத்தூசலா வயசைப் படிக்கறதும் அந்த வகைதான். வாழறது அந்த மாதிரி பரீட்சை இல்லையே.

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அத்தை வீட்டுத் திண்ணையில ஏழெட்டு பேர் உக்காந்து சத்தமா வாசிக்கறோம். மொத்தம் 1189 அதிகாரம், அவசரமே இல்லை. வசனம் சொல்லக்கூடாது, விளக்கம் நடுவுல கூடாது, ஒரு உக்கார்வுல எவ்வளவு கதை வருதோ அவ்வளவு. முடிஞ்சதும் யார் வேணும்னாலும் கேள்வி கேக்கலாம், பதில் தெரியலைன்னா தெரியலைன்னு விட்டுடறது. லேவியராகமத்துல யாரும் எந்திரிச்சுப் போகலை. இப்ப நியாயாதிபதிகள்ல நிக்கறோம். அடுத்த வாரம் 19-ம் அதிகாரம், அந்த லேவியனோட மறுமனையாட்டி கதை. படிச்சவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கொடூரம்னு. தாண்டிப் போயிடலாமான்னு ஒருத்தர் கேட்டார். அத்தை வேண்டாம்னுட்டாங்க. சின்னப் பிள்ளைங்களை மட்டும் அன்னிக்குப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க.