கனத்த தகடு உயிரைக் காக்குமா?

"அம்பாசிடர்னா அம்பாசிடர்தான்! இந்தக் குட்டிக் காரெல்லாம் தகர டப்பா!" - சென்னையில் பழைய கார் பிரியர்களின் வழக்கமான பேச்சு இது.

அம்பாசிடரின் பெருமையை மறுக்க முடியாது. 2014-ல் உற்பத்தி நின்ற பிறகும் மவுசு குறையவில்லை. பின்சீட்டில் குடும்பமே உட்காரலாம். ரிப்பேர் என்றால் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

ஆனால் மோதினால்?

அமெரிக்காவில் 2009-ல் இதைச் சோதித்தே பார்த்து விட்டார்கள். 1959-ம் வருட செவர்லே பெல் ஏர் காரையும், 2009-ம் வருட செவர்லே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோத விட்டார்கள். பழைய காரில் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரில் காலில் லேசான காயம்தான்!

காரணம் எளிது. புதிய காரின் முன்பக்கம் நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. சீட் பெல்ட்டும் ஏர் பேக்கும் ஆளைத் தாங்கிக்கொள்கின்றன. இந்தியாவில் புதுக் கார்களில் டிரைவருக்கு ஏர் பேக் கட்டாயம் என்பது 2019 ஜூலையில்தான் வந்தது. எனவே குட்டிக் கார் வாங்குவோரும் வருடம் பார்த்து, மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு வாங்கணும்.

அம்பாசிடரைத் துடைத்து வையுங்கள். பக்கத்துக் கோவிலுக்கு ஓட்டுங்கள். பிள்ளைகுட்டிகளோடு நெடுஞ்சாலைக்குக் கிளம்பும்போது மட்டும் பெருமையை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்!